பொருளும் பயனும் கருத்தும்: யாழ்ப்பாணத்துப் புழங்குபொருள்களை முன்வைத்துக் கணினிப் பார்வையின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

ஒரு பொருளைக் கண்டவிடத்து ‘இஃது யாது?’ என வினவுவது ஒன்று. ‘இஃது எதற்கு உரியது?’ என வினவுவது பிறிதொன்று. ‘இதனை இவ்விடத்து இவ்வாறு வைத்தவர் யாது கருதினார்?’ என்பது இவ்விரண்டிற்கும் அப்பாற்பட்ட மூன்றாவது வினா. முதலாவதற்குக் கண் விடை தருகின்றது என்றும், ஏனைய இரண்டும் அறிவின்பாற்பட்டன என்றும் நாம் பொதுவாகக் கொள்கின்றோம். ஆயின் அன்றாட வாழ்விலே இம்மூன்றும் ஒரே கணத்தில் நிகழ்கின்றன. கிணற்றடியில் வாளியையும் கயிற்றையும் காணும் சிறுவன் முதலிற் பெயரை நினைந்து, அதன்பின் பயனை உய்த்துணர்ந்து, அதற்கும் பின்னரே நீரள்ள முற்படுகிறான் என்று எவரும் கூறார். கணினிக்குக் காணக் கற்பிக்கும் முயற்சி தொடங்கியபோதுதான் இம்மூன்று வினாக்களும் தனித்தனியே பிரிந்து நின்றன. அவற்றுள் முதலாவதற்கே அத்துறையினர் நெடுங்காலம் உழைத்தனர். பின்னிரண்டும் அவர்தம் கவனத்தை முழுமையாக ஈர்த்தமை அண்மைக் காலத்திலேயே எனலாம்.

இப்பின்னிரண்டு வினாக்களும் தொல்லியலாளருக்குப் பழகியவை. மண்ணிலிருந்து வெளிப்படும் பொருளிற்குப் பெயரில்லை; அதனைப் பயன்படுத்தியவர் இல்லை. வடிவம் ஒன்றே எஞ்சி நிற்கின்றது. அவ்வடிவிலிருந்து பயனையும், பயனிலிருந்து மனிதக் கருத்தையும் வருவித்தலே அவர்தம் தொழில். யாழ்ப்பாணக் குடாநாட்டில் இத்தொழில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடைபெற்று வந்துள்ளது. இவ்விரு துறைகளையும் அருகருகே வைத்து நோக்கின் இரண்டுக்கும் பொதுவான சில இடர்ப்பாடுகள் புலனாகும் என்ற எண்ணமே இக்கட்டுரைக்குக் காரணம். நாம் வரலாற்றுத் துறையினின்று இதனை எழுதுகின்றோம். கணினித் துறையினர் எமது துணிவைப் பொறுத்துக்கொள்வார்களாக.

கந்தரோடையிலிருந்து தொடங்குவது பொருந்தும். போல் ஈ. பீரிஸ் அவர்கள் அங்கு மேற்கொண்ட ஆய்வுகளின் பேறுகள் வேத்தியல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் 1917ஆம், 1919ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. அவர் குறிப்பிட்ட பொருள்களுள் சிறு செப்புக் கோல்களும் அடங்கும். அவற்றை அவர் கண்ணுக்கு மை தீட்டும் அஞ்சனக் கோல்கள் எனக் கொண்டதோடு, பண்டைய எகிப்தியர் கையாண்ட கோல்களுடன் ஒப்பிட்டார். இங்கு நிகழ்ந்த அறிவுச் செயலைப் படிப்படியாகப் பிரித்துப் பார்த்தல் தகும். கண்டது ஒரு வடிவம். அவ்வடிவத்தை ஒத்த பிறிதொரு பொருள் பிறிதொரு நாட்டில் அறியப்பட்டிருந்தது. அந்நாட்டிற் பொருளின் பயன் தெரிந்திருந்தது. ஆகவே அப்பயன் இப்பொருளுக்கும் ஏற்றப்பட்டது. அஞ்சனக் கோல் என்ற முடிபு ஏற்புடையதே. ஆயின் அம்முடிபுக்கு ஆதாரமாயிருந்த அதே வடிவ ஒற்றுமையைக் கொண்டு, எகிப்துடன் யாழ்ப்பாணத்துக்கு மிகப் பழைய தொடர்பு இருந்தது என்றுவரை சென்றோரும் உளர். ஒரே பயனை நாடும் இரு சமூகங்கள் ஒன்றையொன்று அறியாமலே ஒரே வடிவத்தை அடைதல் கூடும் என்பதை அவர்கள் எண்ணிப்பார்த்திலர். மை தீட்டுவதற்கு மெல்லிய, முனை மழுங்கிய கோல் வேண்டும். கண்ணின் மென்மையே அதனை விதிக்கின்றது.

கந்தரோடைச் சிறு தாதுகோபங்களின் நிலையோ இதற்கு மறுதலையானது. அவற்றின் வடிவம் எவருக்கும் ஐயத்தை எழுப்புவதில்லை. அவை எதற்காக, ஓரிடத்தில் இத்துணை நெருக்கமாக, இத்துணைச் சிறிய அளவிற் கட்டப்பட்டன என்பதே வழக்கு. துறவிகளின் எச்சங்களை அடக்கியவை என்பாரும், நேர்த்திக்காக எடுக்கப்பட்டவை என்பாரும், பெருங்கற்காலத்து ஈமமரபின் தொடர்ச்சியை அவற்றிற் காண்பாரும் உளர். 1970ஆம் ஆண்டு பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அரும்பொருளகத்தார் கந்தரோடையில் நடத்திய அகழ்வு அவ்விடத்துக் குடியிருப்பின் தொன்மையைத் தெளிவாக்கியது. தாதுகோபங்களை எழுப்பியோரின் கருத்தோ இன்றும் விவாதப் பொருளே. இக்கேள்விக்குத் தத்தம் அரசியலுக்கு ஏற்ற விடையை முன்னரே கையில் வைத்துக்கொண்டு அவ்விடத்துக்குச் செல்வோர் இரு பக்கத்தும் உண்டு என்பதையும் சொல்லாமல் விடுதல் இயலாது.

ஆனைக்கோட்டையில் 1980ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் கண்டெடுத்த முத்திரை இவ்வகையில் நற்பேறு வாய்ந்தது. கா. இந்திரபாலா, பொ. இரகுபதி ஆகியோர் ஈடுபட்ட அவ்வாய்வில், பெருங்கற்பண்பாட்டு ஈமப்புதைப்பு ஒன்றில் அது வெளிப்பட்டது. மேல் வரியிற் குறியீடுகளும் கீழ் வரியிற் பிராமி எழுத்துகளும் உள்ளன. ‘கோ’ என்ற அடியைக் கொண்டு அது தலைவன் ஒருவனைச் சுட்டுவது எனக் கருதப்பட்டது. எழுத்து இருந்தமையாலும், புதைப்பினுள் உடலின் அருகே கிடந்தமையாலும், பொருளின் பயனும் உடையவனின் தகுதியும் ஒருங்கே உணரப்பட்டன. எழுத்தும் இடச்சூழலும் இன்றி அதே உலோகத்துண்டு ஒரு வயலில் தனித்துக் கிடந்திருப்பின் அஃது அணிகலன் என்றே பதியப்பட்டிருத்தல் கூடும்.

இனிக் கணினியை நோக்குவோம். 1966ஆம் ஆண்டு மாசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்திற் சேமர் பப்பேட் கோடைகாலப் பார்வைத் திட்டம் ஒன்றை வகுத்தார். படம் ஒன்றில் உள்ள பொருள்களைப் பின்னணியினின்று பிரித்துப் பெயரிடும் முறைமையின் பெரும்பகுதியை மாணவர்கள் ஒரு கோடை விடுமுறையில் ஆக்கிவிடலாம் என்ற நம்பிக்கை அத்திட்டத்திற் காணப்பட்டது. அக்கோடை அரைநூற்றாண்டாக நீண்டது. பெயரிடும் பணியே இத்துணைக் கடினமாயிருந்தமையாற் பயன் பற்றிய வினா பின்தள்ளப்பட்டது.

பயனைக் காணலாம் என்ற கொள்கை உளவியலிலிருந்து வந்தது. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் கிப்சன் 1979இல் வெளியிட்ட நூலில், உயிரினம் தன் சூழலிற் காண்பது நிறத்தையும் கோணத்தையும் அன்று, தனக்கு அச்சூழல் இடங்கொடுக்கும் செயல்களையே என வாதிட்டார். முழங்கால் உயரத்தில் அமைந்த திண்மையான தளம் மனிதனுக்கு இருக்கையாகத் தோன்றுகின்றது. எறும்புக்கு அவ்வாறு தோன்றுவதில்லை. ஆகவே பயன் என்பது பொருளில் மட்டும் உள்ளதன்று, காண்போனில் மட்டும் உள்ளதுமன்று. இரண்டுக்கும் இடையிலான உறவில் உள்ளது. இவ்வுறவை இயங்கியல் நோக்கிற் பயின்றோருக்கு இக்கருத்து வியப்பளிக்காது. ஆயின் கிப்சன் உடலை நோக்கினாரேயன்றி அவ்வுடல் வாழும் சமூகத்தைப் போதியளவு நோக்கினாரல்லர் என்பது எமது துணிபு.

1983இல் பற்றிக் வின்ஸ்ரனும் அவரோடு உழைத்தோரும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டனர். கிண்ணங்களின் வடிவங்கள் எண்ணிறந்தன; அவற்றையெல்லாம் கணினிக்குக் காட்டி முடியாது. எனவே வடிவத்தாலன்றிப் பயனால் அதனை வரையறுத்தனர்: நிலையாக நிற்பது, தூக்கக்கூடியது, திறந்த கொள்கலமாய் இருப்பது. தட்டையான அடி இருந்தால் நிலையாக நிற்கும் என்பதைச் செங்கல்லிலிருந்தும், கைபிடி இருந்தாற் தூக்கலாம் என்பதைப் பயணப் பெட்டியிலிருந்தும், மேல்நோக்கிய குழிவு இருந்தால் நீர்மத்தைக் கொள்ளும் என்பதை வட்டிலிலிருந்தும் கணினி ஒப்புமையாற் கற்றுக்கொண்டது. இஃது அழகிய ஆய்வு என்பதில் ஐயமில்லை. செங்கல்லும் பெட்டியும் சேர்ந்து கிண்ணத்தை விளக்கும் என்று யார் எதிர்பார்த்திருப்பர்?

எனினும் இவ்வரைவிலக்கணத்தை யாழ்ப்பாணத்துக்குக் கொணர்ந்து சோதித்தல் வேண்டும். ஒடியற் கூழ் அருந்தும் பிளாவை எடுத்துக்கொள்வோம். பனையோலையை மடித்துக் கட்டிய இக்கலத்துக்குத் தட்டையான அடி இல்லை. கீழே வைத்தாற் சாயும். கூழ் மண்ணுக்குப் போகும். அது நிற்கவேண்டிய தேவையும் இல்லை. ஏனெனிற் குடித்து முடியும்வரை அது கையிலேயே இருக்கும், முடிந்தபின் வீசப்படும். வின்ஸ்ரனின் கிண்ணம் மேசையை முற்கொண்டது. குடிப்பவன் கிண்ணத்தை இடையிடையே எங்கோ வைக்கிறான் என்பது அவ்வரைவிலக்கணத்தில் எழுதப்படாமலே இடம்பெற்றுள்ளது. நிலத்தில் வட்டமாக அமர்ந்து, ஒருவர் வார்க்க ஏனையோர் ஏந்திக் குடிக்கும் கூட்டத்தில் மேசை இல்லை. ஆதலின் அடியும் இல்லை. செம்புக்குக் கைபிடி இல்லை என்பதையும், கழுத்தின் ஒடுக்கமே அங்கு கைபிடியாகின்றது என்பதையும் சுட்டி அப்பாற் செல்வோம்.

மூக்குப்பேணி இன்னும் நுணுக்கமான சான்று. யாழ்ப்பாணத்து வீடுகளில் ஒருகாலத்து விருந்தினருக்குத் தேநீரும் கோப்பியும் கொடுத்த இவ்வுலோகப் பாத்திரத்தின் விளிம்பிலிருந்து சிறு மூக்கொன்று நீண்டிருக்கும். வடிவத்தை மட்டும் கொண்டு பயனை வருவிக்கும் கணினி இதனை வார்க்கும் கலம் என்றே கொள்ளும். அவ்வாறு கொள்வது முற்றிலும் பிழையுமன்று. இதிலிருந்து நீர்மம் வார்க்கப்படுகின்றது. ஆனால் வார்ப்பவரும் குடிப்பவரும் ஒருவரே. இதழ் படாமல் அண்ணாந்து வாயினுள் வார்த்துக்கொள்வதற்காகவே மூக்கு அமைந்தது. ஏன் இதழ் படலாகாது? எச்சில் என்ற கருத்துக்கும், அக்கருத்தைச் சூழ்ந்த துடக்கு, தீட்டு என்பவற்றுக்கும் செல்லாமல் இவ்வினாவுக்கு விடை இல்லை. உலோகத்தில் வார்க்கப்பட்ட சமூக உறவு அம்மூக்கு. அதனை அளந்து பார்க்கலாம், படம் பிடிக்கலாம், அதன் கருத்தை அதன் மேற்பரப்பிற் காண இயலாது.

இவ்வாறே கதிரையும். லூயிஸ் ஸ்ராக், கெவின் போயர் ஆகியோர் 1991இல் வெளியிட்ட ஆய்வு, எந்தவொரு குறிப்பிட்ட கதிரையின் மாதிரியையும் கணினிக்குக் கொடாமல், இருக்கத்தக்க தளம், உறுதியான தாங்கல் முதலிய பயன்சார்ந்த நிபந்தனைகளாலேயே கதிரைகளை இனங்காண முயன்றது. 2011இல் கிறாப்னர் முதலானோர் வேறொரு வழியை மேற்கொண்டனர். கற்பனை மனித உருவொன்றைக் கணினி தன்னுள் வைத்துக்கொண்டு, காட்சியிலுள்ள பொருள்களின் மீது அதனை அமர்த்திப் பார்க்கும். எதன்மீது அவ்வுரு இயல்பாக அமர்கின்றதோ அது கதிரை. கிப்சனின் கொள்கை இங்கு நேரடியாகவே செயல்வடிவம் பெற்றது.

அக்கற்பனை உரு யாருடையது என்று கேட்பது வரலாற்று மாணவரின் கடமை. 1930ஆம் ஆண்டளவில் அரச உதவி பெற்ற பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்கப்படவேண்டும் என்ற பணிப்பு யாழ்ப்பாணத்தில் எத்தகைய எதிர்ப்பைக் கிளப்பியது என்பதை நாம் அறிவோம். சில பாடசாலைகள் தீக்கிரையாயின. அதற்கு முன்னர், ஒடுக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகள் வாங்குகள் இருந்த வகுப்பறையில் நிலத்திலோ அன்றி உயரங்குறைந்த தனி ஆசனத்திலோ இருத்தப்பட்டனர். வாங்கின் உயரமும் பிள்ளையின் முழங்காலும் கிப்சனின் நிபந்தனையை முற்றாக நிறைவுசெய்தன. அவ்வாங்கு அப்பிள்ளைக்கு இருக்கையாக இருக்கவில்லை. 1960களின் பிற்பகுதியிலே தேநீர்க்கடைகளுக்கும் ஆலயங்களுக்கும் முன்னால் நிகழ்ந்த போராட்டங்களும் இதனையே வேறொரு தளத்தில் எடுத்துரைத்தன. ஒரே கடையில் ஒரே தேநீர் ஒருவருக்குக் கண்ணாடிக் குவளையிலும் இன்னொருவருக்குப் போத்தலிலோ சிரட்டையிலோ வழங்கப்பட்டது. போத்தலை நீர்மங்கொள்ளும் கலம் எனக் கணினி இனங்காணும்; அதனாற் குடிக்கலாம் என்றும் அறியும். அதனை அம்மனிதரின் கையிற் கொடுத்தவரின் கருத்தை அறிய, எது கொடுக்கப்படாமல் மேலே அடுக்கப்பட்டிருந்தது என்பதையும் அது காணவேண்டும். இல்லாததைக் காண்பது மனிதக் கண்ணுக்கே எளிதன்று.

நோக்கத்தை அசைவிலிருந்து உணரலாம் என்பது நெடுநாளைய முடிபு. பிரிட்ஸ் ஹைடர், மரியன் சிம்மல் இருவரும் 1944இல் இரு முக்கோணங்களும் ஒரு சிறு வட்டமும் அசையும் குறும்படம் ஒன்றைக் காட்டி, கண்டதை எழுதுமாறு கேட்டனர். விளக்கமளிக்குமாறு எவ்விதக் குறிப்புமின்றிக் கேட்கப்பட்ட 34 பேரில் ஒருவரே வடிவங்களின் அசைவாக அதனை எழுதினார். ஏனையோர் துரத்தல், ஒளித்தல், சண்டை எனக் கதையாகவே கண்டனர். முகமோ கையோ இல்லாத உருக்களிலும் கருத்தை ஏற்றிக் காண்பது மனித மனத்தின் இயல்பு.

துலாவைக் கொண்டு இதனை விளக்குவோம். ஓய்ந்து நிற்கும் துலாவின் ஒளிப்படம் ஒன்றைக் குடாநாட்டை அறியாத ஒருவருக்குக் காட்டினால் அவர் காண்பது, நிலத்தில் நாட்டிய தாங்கிகளின் மீது குறுக்கே கிடக்கும் நீண்ட மரம். அது தடையா, கொடிமரமா, கட்டடமொன்றின் எச்சமா என்பது தெளிவாகாது. ஒருவர் அம்மரத்தின் மேல் ஏறி முன்னும் பின்னும் நடக்கத் தொடங்கியதும் எல்லாம் விளங்கிவிடும். அவர் முன்னே நடக்கக் கிணற்றுப் பக்கம் தாழ்கின்றது. பின்னே நடக்கப் பட்டை நிறைந்த நீர் மேலே வருகின்றது. கிணற்றடியில் நிற்பவர் பட்டையைப் பிடித்து வாய்க்காலிற் சரிக்கிறார். தோட்டத்துள் நிற்பவர் பாத்திக்குப் பாத்தி நீரைத் திருப்புகிறார். மிதிப்பவரின் நடை, பிடிப்பவரின் கை, கட்டுபவரின் மண்வெட்டி ஆகிய மூன்றும் ஒரு தாளத்துள் அடங்குகின்றன. துலா என்ற பொருளின் பாதி மரம், மறுபாதி உழைப்பு. ஆறுகள் இல்லாத இக்குடாநாட்டிற் சுண்ணாம்புக்கற் படுகையிலிருந்து நீரிறைத்துப் புகையிலையும் வெங்காயமும் விளைவித்தது அவ்வுழைப்பே. மண்ணெண்ணெயில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரங்கள் வந்த பின்னர் துலாக்கள் அருகின. துலா மிதித்த தலைமுறை இன்று முதுமையில் உள்ளது.

உழைப்பைக் கண்டு பொருளை அறிதல் என்ற இந்நெறியே 2015இல் யிசின் சூ, யிபியாவ் சாவோ, சொங்-சுன் சூ ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வின் அடிப்படையுமாகும். மனிதன் ஒருவன் ஒரு கருவியால் வித்தொன்றை உடைப்பதை ஒருமுறை காட்டிய பின்னர், முன்பின் காணாத பொருள்களிடையே அத்தொழிலுக்கு ஏற்றதைக் கணினி தெரிவுசெய்தல் வேண்டும். பிடிக்கும் இடம், தாக்கும் இடம், கையின் வீச்சு, அதனால் எழும் விசை என்பவற்றைக் கணித்து அது தெரிகின்றது. சுத்தியல் இல்லாதவிடத்துக் கல்லையும் தெரியும். கற்கால மனிதனின் அறிவைக் கணினிக்கு ஊட்டும் முயற்சி என அதனைக் கூறினும் தகும். சொங்-சுன் சூவும் அவரைச் சார்ந்தோரும் 2020இல் இக்கருத்தை விரித்து, பயன், பௌதிகம், நோக்கம், காரணம், விருப்பளவு என்னும் ஐந்தும் படத்தின் புள்ளிகளிற் தோன்றாத இருட்பொருள்கள் என்றும், இவையின்றிக் காட்சியறிவு நிறைவுறாது என்றும் எழுதினர். பிரபஞ்சத்தின் பெரும்பகுதி காணமுடியாத பொருளால் ஆனது என்ற வானியலாளரின் கூற்றிலிருந்து எடுத்த உவமை அது. உவமை சிறந்ததே. எனினும் அவ்வைந்தனுள் வரலாறு இடம்பெறவில்லை.

வரலாறு ஏன் வேண்டும் என்பதற்குச் சுமைதாங்கியினும் தெளிவான சான்று எமக்குத் தோன்றவில்லை. சந்தைகளுக்கும் கோயில்களுக்கும் செல்லும் பழைய பாதைகளின் ஓரத்திலே, கிணறு, கேணி, மடம், ஆவுரஞ்சிக்கல் என்பவற்றோடு ஒரு தொகுதியாக அது காணப்படும். இரு நிலைக்கற்கள், அவற்றின் மேல் ஒரு கிடைக்கல். தலைச்சுமையைப் பிறர் உதவியின்றி இறக்கவும் மீண்டும் ஏற்றவும் ஏற்ற உயரம். குனியவேண்டியதில்லை, நின்றபடியே சுமையைக் கல்லுக்கு மாற்றலாம். மனித உருவொன்றைக் கற்பித்து, அதன் தலையிற் சுமையையும் கற்பித்து, பாதையையும் கற்பித்துப் பார்க்கும் கணினி இப்பயனை அடைதல் இயலும். இவ்வளவும் உடலும் விசையும் பற்றியவை. ஆயின் கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக, அவள் இறக்காது சுமந்துபோன சுமையை எண்ணி, அவளுடைய உறவினர் இதனை எழுப்பும் வழக்கம் தமிழகத்திலும் ஈழத்திலும் இருந்தது. வழிப்போக்கர் ஒவ்வொருவரும் இறக்கி வைக்கும் சுமையால் அவள் இளைப்பாறுவாள் என்பது நம்பிக்கை. கல்லின் உயரத்தில் இது இல்லை, அகலத்தில் இல்லை, சுமை இறக்குவோரின் அசைவிலும் இல்லை. சுமை இறக்கியோரிற் பலர் அதனை அறிந்துமிருக்கமாட்டார். பயனும் கருத்தும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்க, ஒன்று புலப்பட்டு மற்றது முற்றாக மறைந்துள்ளது. ஆவுரஞ்சிக்கல்லையும் எண்ணுக: அது மனிதருக்கான பொருளே அன்று. தினவெடுத்த பசுவின் உடலை முன்னிறுத்தி மனிதர் நாட்டிய கல். அங்கு காண்போனின் உடல் ஒன்று, பயன்கொள்வதன் உடல் வேறொன்று.

பொருளின் பயனை ஊகித்து மனிதரின் நோக்கத்தை முடிவுசெய்வது எப்போதும் தீங்கற்ற ஆய்வுத்தொழிலாக இருப்பதில்லை. 1990ஆம் ஆண்டு யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்ட பின்னர் வடபகுதிக்குப் பல பொருள்களைக் கொண்டுசெல்வது தடைசெய்யப்பட்டது. எரிபொருள், பற்றரி, சீமெந்து, பசளை முதலியன அவற்றுட் சில. அப்பட்டியல் ஒவ்வொரு பொருளையும் நோக்கி, இதனால் யாது செய்யக்கூடும் என வினவி எழுதப்பட்டது. பசளையில் வெடிபொருளையும், சீமெந்தில் அரணையும் அது கண்டது. தோட்டக்காரனின் பசளை தோட்டத்துக்கு என்பதும், மின்சூளிலிடும் பற்றரி இரவிற் கிணற்றடிக்குப் போக என்பதும் அப்பார்வைக்குப் பொருட்டாகவில்லை. செய்யக்கூடியதைக் கொண்டு செய்ய நினைப்பதை முடிவுகட்டிய இம்முறை, இலட்சக்கணக்கான மக்களின் மீது ஒரே நோக்கத்தை ஏற்றியது.

மறுபக்கத்தில், அதே தடையின் கீழ் வாழ்ந்த மக்கள் பொருள்களைப் புதிதாகக் காணக் கற்றனர். இதனைச் சற்று விரித்துக் கூறவேண்டும்; ஏனெனில் அக்காலத்தைப் பற்றிய எழுத்துகளில் அழிவு பதிவான அளவுக்கு இவ்வறிவு பதிவாகவில்லை. பழப்பாகு வந்த ஜாம் போத்தல் விளக்காயிற்று. அடியிற் பஞ்சை வைத்து அது நனையுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டுத் திரியிட்டனர். சில துளி எண்ணெயில் மாணவரொருவர் இரவிற் படிக்க முடிந்தது. துவிச்சக்கரவண்டி தலைகீழாக நிறுத்தப்பட்டது. மிதியைக் கையாற் சுழற்றினால் விளக்குக்காகப் பொருத்திய டைனமோ வானொலிக்கு மின் கொடுத்தது. ஒருவர் சுற்ற, ஏனையோர் செய்தி கேட்டனர்; சுற்றுபவர் களைத்தால் செய்தியும் தேய்ந்தது. பெற்றோலுக்கென ஆக்கிய வாகனங்கள், தொடக்கத்திற்குச் சில துளி பெற்றோலை மட்டும் ஊட்டப்பெற்று, மண்ணெண்ணெயில் ஓடின. இவ்வாகனங்கள் கக்கிய புகை அக்காலத்தவர் நினைவில் இன்றும் உண்டு. இவற்றை ஆக்கியோர் வடிவத்தைக் கண்டு பெயரை நினைந்தவரல்லர். தேவை முன்னின்றது, அத்தேவைக்கு எப்பொருள் இடங்கொடுக்கும் எனக் கண் தேடியது. வின்ஸ்ரனும் சூவும் கணினியிடம் எதிர்பார்த்த ஆற்றல் இதுவே. அவர்களுடைய கணினிக்கு இல்லாதது அத்தேவை.

இனி, கணினி எங்கிருந்து கற்கின்றது என்ற வினா. 2009இல் வெளிவந்த இமேஜ்நெற் என்னும் பெருந்தொகுப்பு, காலப்போக்கில் 14 மில்லியனுக்கு மேற்பட்ட படங்களைக் கொண்டதாக வளர்ந்தது. அதன் வகுப்புகள் வேர்ட்நெற் என்ற ஆங்கிலச் சொற்றொகுதியின் பெயர்ச்சொற்களிலிருந்து எடுக்கப்பட்டன. படங்கள் இணையத்திலிருந்து திரட்டப்பட்டன. பெயரிடும் பணியைப் பல நாடுகளிலிருந்தும் சிறுகூலிக்கு உழைத்தோர் செய்தனர். 2012இல் இத்தொகுப்பைக் கொண்டு பயிற்றப்பட்ட ஆழ்நரம்பு வலையமைப்பு போட்டியிற் பெற்ற வெற்றியோடு இத்துறையின் போக்கே மாறியது. ஆங்கிலப் பெயர் இல்லாத பொருளுக்கும், எவரும் படமெடுத்து இணையத்தில் இடாத பொருளுக்கும் அங்கு இடம் எவ்வாறு கிடைக்கும்? இஃது ஊகமன்று. 2019இல் பேஸ்புக் நிறுவன ஆய்வாளர் பல நாடுகளின் வீட்டுப்பொருட் படங்களைக் கொண்டு, பெருநிறுவனங்களின் இனங்காண் முறைமைகளைச் சோதித்தனர். வருமானம் குறைந்த வீடுகளின் பொருள்களிற் பிழைகள் மிகுந்திருந்தன. நேபாள வீடொன்றின் சவர்க்காரக் கட்டி உணவு என இனங்காணப்பட்டது. போத்தலில் அடைத்த சவர்க்காரத்தைக் கண்டு பழகிய கண் அவ்வாறே காணும்.

யாழ்ப்பாணத்திற்கும் இத்துறையில் நேரடிப் பங்குண்டு. எமது பல்கலைக்கழகத்திற் கணினி விஞ்ஞானம் ஒரு துறையாக வேரூன்றியது மின்சாரம் அற்றுப்போயிருந்த அத்தொண்ணூறுகளிலேயே. அத்துறையைச் சேர்ந்த அ. இரமணன், இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்து மகேசன் நிரஞ்சனுடன் இணைந்து, படத்தைச் சிறு துண்டுகளாகக் கொண்டு பொருளை இனங்காணும் முறைகளுக்கான குறியீட்டுத் தொகுதிகள் பற்றி 2010ஐ அடுத்த ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள் உலக அரங்கில் இடம்பெற்றன. அவ்வாய்வுகள் முதலாவது வினாவைச் சார்ந்தவை. இரண்டாவது வினாவிற்கு இங்கு வாய்ப்பு மிகுதி என்பது எமது எண்ணம். படத்தைப் பற்றி உரையாடவல்ல இன்றைய பேரளவு மொழி மாதிரிகள் பொருள்களின் பயனைச் சொல்லுகின்றன. அவை சொல்வன, எவரோ எங்கோ எழுதிவைத்ததன் சாயல். எழுதப்படாதது அங்கு இல்லை.

எனவே அருங்காட்சியகங்களிற் பொருளைத் தூசுதட்டி, பெயரட்டை மாட்டி வைப்பது போதாது. நல்லூரில் உள்ள தொல்பொருட் காட்சிசாலையிற் பொருள்கள் உள. அவற்றைக் கையாண்ட கைகள் இல்லை. துலா மிதித்தோர், தளநாரிட்டுப் பனையேறுவோர், நீற்றுப்பெட்டி இழைப்போர் வாழும்போதே அவர்தம் அசைவுகள் முழுமையாகப் படம்பிடிக்கப்படவேண்டும். ஏன் அவ்வாறு செய்கிறார்கள் என்பதை அவர்களே தம் சொல்லிற் கூறவேண்டும். அச்சொற்கள் தமிழிலேயே பதியப்படவேண்டும். போத்தலிற் தேநீர் பெற்றவரின் சான்றும் அவற்றோடு சேரவேண்டும். பனைத்தொழில் பற்றிய பதிவொன்றைப் பனை ஏறாதோரிடம் கேட்டு எழுதிய நூல்கள் எம்மிடையே முன்னரே போதியளவு உள்ளன. வரலாற்றுத்துறை, தமிழ்த்துறை, கணினி விஞ்ஞானத்துறை ஆகிய மூன்றும் இணைந்தே இதனைச் செய்யலாம். செலவு பெரிதன்று, காலமே குறுகியது.

தலைச்சுமையோடு நடப்போர் அருகிவிட்ட இன்றைய வீதிகளிற் சுமைதாங்கிகள் சில எஞ்சியுள்ளன. வீதி அகலிப்பின்போது மண்ணேறி உயரங்குறைந்த கற்களின் மீது மாலை வேளைகளில் இளைஞர் அமர்ந்திருக்கக் காணலாம். கற்பனை உருவை அமர்த்திப் பார்க்கும் கணினி அக்காட்சியைக் கண்டு அதனை வாங்கு என்றே குறிக்கும். இன்றைய பயனளவில் அவ்விடை சரியானதே.